முகவரியைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் நமக்கும் ஓர் இடம் உண்டு

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

சாதாரண தரத் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் ஐ.பி. முகவரி என்று ஒரு பகுதி வருகிறது. இணையத்தோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்கம் வேண்டும் என்று படிப்பிக்கிறோம். பிள்ளைகளும் மனப்பாடம் செய்து புள்ளி எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த இலக்கத்தை யார் கொடுக்கிறார்கள், யாருக்கு எவ்வளவு என்று எந்த மண்டபத்தில் தீர்மானிக்கிறார்கள், அந்த மண்டபத்துக்குள் யார் போகலாம் என்பதெல்லாம் பாடத்தில் இல்லை. அந்த வரலாற்றைத்தான் இன்று எழுதுகிறேன்.

மலையகத்தில் இருக்கும் நமக்கு இது வெறும் கணினி விஷயம் அல்ல. முகவரி என்ற சொல்லுக்கும் நமக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. முதலில் அது.

1. லயத்து முகவரி

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. லயத்துக் காம்பராவுக்கென்று தனி முகவரி கிடையாது. பெயர், டிவிஷன், தோட்டம், கிட்டிய தபாற்கந்தோர், அவ்வளவுதான். தப்பால்காரர் தபாற்கந்தோருக்குப் போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வருவார். பை தோட்ட ஒபிசுக்குப் போகும். அங்கே பிரித்து, அங்கிருந்து டிவிஷனுக்கு, பெரட்டில் பெயர் கூப்பிட்டு, அல்லது யாராவது பிள்ளையின் கையில் கொடுத்து, கடைசியாகக் காம்பராவுக்கு. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே முகவரி. ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் கடிதம் மூன்று வீடு சுற்றும். நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் பரீட்சை முடிந்த பிறகு வந்து சேர்ந்த கதைகள் எல்லாத் தோட்டங்களிலும் இருக்கின்றன.

இதனால்தான் அந்தக் காலத்தில் பலர் டவுனில் தெரிந்த கடையின் முகவரியைக் கொடுத்துக் கடிதம் வரவழைத்தார்கள். பஸாரில் கடை வைத்திருந்த எங்கள் பெரியவர்கள், சீலைக் கட்டுகளுக்கு மேலே ஒரு தட்டில் இந்தியாவிலிருந்து வந்த கடிதங்களை அடுக்கி வைத்திருப்பார்களாம். சம்பளத்துக்குப் பிறகு சாமான் வாங்க வருகிறவர்கள் கடிதத்தையும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

முகவரி இல்லாமை கடிதத்தோடு மட்டும் நின்றிருந்தால் பரவாயில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த வருடம் வந்த இந்திய பாகிஸ்தானியர் வதிவிடச் சட்டம், விரும்புகிறவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றது. ஆனால் 1946 ஜனவரி 1க்கு முன்னர் தொடர்ச்சியாக இங்கே வசித்ததற்கு ஆதாரம் கேட்டது. மணமானவருக்கு 7 வருடம், மணமாகாதவருக்கு 10 வருடம். தன் பெயரில் ஒரு வீடோ, ஒரு கடித உறையோ இல்லாதவர் எதைக் காட்டுவார்? 1949இல் வாக்குரிமையும் போனது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸிலிருந்து 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சமூகம், 1952 தேர்தலில் வாக்களிக்கும் வரிசையில்கூட நிற்க முடியவில்லை.

பிறகு 1964 ஒக்டோபர் 30. புதுடில்லியில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரின் தலைவிதி அங்கே எழுதப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றார்கள். அந்த மக்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அந்த மீதிப் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

2. கூட்டத்துக்குள் நுழைவதற்கே ஒரு போராட்டம்

வெளியே நடந்த கூட்டங்களுக்கு நம்மை அழைக்கவில்லை. உள்ளே கூட்டம் நடத்தவும் விடவில்லை. தோட்டம் தனியார் சொத்து. துரையின் அனுமதி இல்லாமல் வெளியார் காலடி வைத்தால் அத்துமீறல் வழக்கு. கோதண்டராம நடேசய்யர் 1920களில் தோட்டங்களின் நிலையை அறிய, புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போனார் என்று சொல்வார்கள். புடவை மூட்டையோடு வருகிறவருக்கு மட்டும் தோட்ட வாசல் திறந்திருந்தது.

அதே நடேசய்யர்தான் 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அதன் தலைமையகம் நமது ஹட்டன். கூட்டம் கூடுவதும், பேசுவதும், தீர்மானத்தில் பங்கு கேட்பதும் உரிமை என்று இந்த மலையில் உரத்துச் சொன்ன முதல் இடங்களில் நமது டவுனும் ஒன்று. இதை நம் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, இனி இணையத்துக்கு வருவோம்.

3. ஒரே முகவரியில் ஒரு தோட்டம்

இணையத்தின் ஐ.பி. முகவரி 1981இல் இன்றைய வடிவத்துக்கு வந்தது. நான்காம் பதிப்பு என்று சொல்கிறோமே, அது. அதில் மொத்த இலக்கங்கள் சுமார் 429 கோடி. அன்றைக்கு அது கடல் மாதிரித் தெரிந்தது. இன்று உலகத்தில் அதைவிட அதிகமான மனிதர்கள் இருக்கிறார்கள். ஒருவரிடமே இரண்டு மூன்று கருவிகள்.

பற்றாக்குறை வந்ததும் கண்டுபிடித்த வழி நமக்கு நன்றாகத் தெரிந்த வழிதான். பல மொபைல் வலையமைப்புகளில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். வெளியுலகத்துக்குத் தெரிவது ஒரே ஒரு இலக்கம். உள்ளே எந்தப் பொதி யாருடையது என்று கம்பனியின் இயந்திரம் ஒரு பதிவேடு வைத்துப் பிரித்துக் கொடுக்கிறது. தோட்ட ஒபிசும் தப்பால் பையும் போலத்தான். தொல்லையும் அதே தொல்லை. அந்த முகவரியிலிருந்து ஒருவர் மோசடி செய்து ஓர் இணையத்தளம் அதைத் தடை செய்தால், அதைப் பகிரும் எல்லோருக்கும் கதவு மூடப்படும். ஒருவர் செய்த குற்றத்துக்கு முழு லயத்துக்கும் பேர் கெடுவது போல.

புதிய ஆறாம் பதிப்பில் இந்தத் தட்டுப்பாடு இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் அல்ல, ஒவ்வொரு மின்குமிழுக்கும் தனி இலக்கம் கொடுத்தாலும் தீராது. ஆனால் பழையதை எப்படிப் பங்கிடுவது, புதியதை யாருக்கு எந்த நிபந்தனையில் கொடுப்பது என்பதை யாரோ தீர்மானிக்க வேண்டும் அல்லவா? அந்த யாரோ யார்?

4. ஒரு மனிதரின் பட்டியலிலிருந்து ஐந்து பதிவகங்கள் வரை

ஆரம்பத்தில் அது ஒரே மனிதர். அமெரிக்காவின் ஜோன் பொஸ்டல். இலக்கங்களின் பட்டியலை அவர் பல வருடங்கள் பராமரித்தார். விதிமுறைகளோ 1969 ஏப்ரலில் ஸ்டீவ் குரொக்கர் எழுதிய ஒரு குறிப்போடு தொடங்கின. அந்த ஆவணத் தொடருக்கு அவர்கள் வைத்த பெயர் 'கருத்துக் கோரல்'. சட்டம், கட்டளை என்றெல்லாம் பெயர் வைக்காமல், இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று கேட்டே தொடங்கினார்கள். பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அந்தப் பழக்கம்தான் விதை.

1986 ஜனவரியில் சான் டியாகோ நகரில் 21 பேர் கூடினார்கள். இணையப் பொறியியல் பணிக்குழுவின் முதல் கூட்டம் அது. வாக்கெடுப்பு கிடையாது, பொது இணக்கம்தான் என்ற வழக்கம் அங்கே வேரூன்றியது. ஆறு வருடம் கழித்து, 1992 மார்ச்சில், அதே சான் டியாகோவில் நடந்த கூட்டத்தின் பேச்சை இணையத்தின் வழியாகவே நேரடியாக அனுப்பினார்கள். மூன்று கண்டங்களில் 20 இடங்களில் இருந்தவர்கள் அதைக் கேட்டார்கள். இன்று நாம் ஸூமில் ஒரு நொடியில் செய்கிற வேலைக்கு அதுதான் பிள்ளையார் சுழி. கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் கூட்டத்தின் பகுதியே என்ற எண்ணம் அன்றே இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இணையம் வளர, ஒரு மனிதரின் பட்டியல் போதவில்லை. பிராந்திய இணையப் பதிவகங்கள் பிறந்தன. ஐரோப்பாவுக்கு 1992இல். நமது ஆசிய பசிபிக் பிராந்தியத்துக்கு 1993இல் ஏப்னிக், முதலில் டோக்கியோவில், 1998 முதல் ஒஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில். வட அமெரிக்காவுக்கு 1997இல், இலத்தீன் அமெரிக்காவுக்கு 2002இல், ஆபிரிக்காவுக்கு 2005இல். ஏப்னிக்கின் எல்லைக்குள் 56 நாடுகளும் பிரதேசங்களும் இருக்கின்றன. இலங்கையும் அதில் ஒன்று. நமது கைத்தொலைபேசிக் கம்பனிகள் பயன்படுத்தும் இலக்கங்களின் விதிகள் அங்கேதான் உருவாகின்றன.

5. கடிதத்தில் வந்த வாக்குரிமை

1998இல் ஐகான் என்ற அமைப்பு கலிபோர்னியாவில் தொடங்கியது. இணையப் பெயர்களையும் இலக்கங்களையும் உலக மட்டத்தில் ஒருங்கிணைப்பது அதன் வேலை. அதன் முதல் பொதுக்கூட்டம் 1999 மார்ச்சில் சிங்கப்பூரில். அந்த ஆரம்பக் கூட்டங்களை ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் பெர்க்மன் நிலையம் இணையத்தில் ஒளிபரப்பியது. தூரத்திலிருந்து எழுதி அனுப்பிய கருத்துகளைக் கூட்டத்துக்குள் வாசிக்கவும் ஏற்பாடு செய்தது.

2000ஆம் ஆண்டில் இன்னும் பெரிய பரிசோதனை. ஐகானின் இயக்குநர்களில் 5 பேரை உலகத்தின் சாதாரண இணையப் பாவனையாளர்களே இணையத்தில் வாக்களித்துத் தெரிவு செய்யலாம் என்றார்கள். 16 வயது நிரம்பி, மின்னஞ்சலும் தபால் முகவரியும் இருந்தால் போதும்.

தபால் முகவரி! ஒருவரே பலமுறை பதியாமல் இருக்க, இரகசிய இலக்கம் ஒன்றைக் கடிதத்தில் அனுப்பினார்கள். கடிதம் கையில் கிடைத்து அந்த இலக்கத்தைக் கொடுத்தால்தான் வாக்கு. பதிந்தவர்கள் சுமார் 1,58,000 பேர். கடிதத்தைப் பெற்று உறுப்புரிமையை உறுதி செய்தவர்கள் சுமார் 76,000 பேர். வாக்களித்தவர்கள் சுமார் 34,000 பேர் மட்டுமே. பாதிக்கு மேற்பட்டவர்கள் முதல் படியிலேயே உதிர்ந்துவிட்டார்கள்.

இந்தக் கணக்கை வாசித்தபோது எனக்குத் தோட்டத்துத் தப்பால் பைதான் ஞாபகம் வந்தது. உலகத்துக்கே திறந்த தேர்தல்தான். ஆனால் தன் பெயருக்கு ஒரு கடிதம் ஒழுங்காக வந்து சேராதவருக்கு அந்தத் திறப்பால் என்ன பயன்? 1949இல் வதிவிட ஆதாரம் கேட்ட சட்டம் வேண்டுமென்றே விலக்கியது. 2000இல் தபால் முகவரி கேட்ட தேர்தலுக்கு அப்படி ஒரு நோக்கம் இல்லை. ஆனாலும் முகவரி இல்லாதவர் இரண்டிலும் வெளியேதான். நேரடித் தேர்தல் முறையையே 2002 சீர்திருத்தத்தில் ஐகான் கைவிட்டது. உறுப்பினர் என்று பதிந்து வாக்களிப்பதற்குப் பதிலாக, யாரும் வந்து கருத்துச் சொல்லலாம் என்ற வழி மட்டும் மிஞ்சியது. அந்த வழி இன்னும் திறந்தே இருக்கிறது.

6. வாசிகசாலை வானொலி போல

2008 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் இணைய ஆளுகை மன்றம் ஹைதராபாத்தில் கூடியது. மும்பைத் தாக்குதல் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அந்த மாநாட்டில் தூரக் கூடல் நிலையங்கள் என்ற முறையைச் செய்து பார்த்தார்கள். வர முடியாதவர்கள் தங்கள் ஊரில் ஒரு மண்டபத்தில் ஒன்றுகூடி, திரையில் மாநாட்டைப் பார்த்து, தங்களுக்குள் பேசி, ஊரின் சார்பில் கேள்வி அனுப்புவது.

நமக்கு இது புதிதல்ல. வீட்டுக்கு வீடு ரேடியோ இல்லாத காலத்தில் இலங்கை வானொலியை லயமே கூடிக் கேட்டது. தனியாக ஒரு கைபேசித் திரையில் ஆங்கிலக் கூட்டம் ஒன்றைப் பார்த்தால் பத்து நிமிடத்தில் மூடிவிடுவோம். நாலு பேர் சேர்ந்து இருந்து, ஒருவர் விளக்க, இன்னொருவர் கேள்வி கேட்கப் பார்த்தால் கதை வேறு. இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

7. கூப்பன் முறை

2011 பெப்ரவரி 3 அன்று உலகக் கையிருப்பில் மிஞ்சியிருந்த கடைசி ஐந்து பெருந்தொகுதிகளை ஐந்து பதிவகங்களுக்கும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு தொகுதியில் சுமார் 1 கோடி 67 இலட்சம் இலக்கங்கள். உலகிலேயே முதலில் கையிருப்புக் குறைந்தது நமது பிராந்தியத்தில். அதே வருடம் ஏப்ரல் 15இல் ஏப்னிக் தன் கடைசித் தொகுதியைத் தொட்டது. 103 என்று தொடங்கும் இலக்கங்கள் அந்தத் தொகுதியைச் சேர்ந்தவை.

இந்த நாள் வரும் என்று முன்கூட்டியே தெரிந்து, அதற்கான விதியைச் சில வருடங்களுக்கு முன்னரே திறந்த கூட்டங்களில் பேசி இணங்கி வைத்திருந்தார்கள். கடைசித் தொகுதியிலிருந்து எந்த உறுப்பினருக்கும் 1,024 இலக்கங்களுக்கு மேல் கிடையாது. கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களைக் கொண்ட கம்பனிக்கும் அதுதான், நேற்றுத் தொடங்கிய சின்னக் கம்பனிக்கும் அதுதான். 2019 பெப்ரவரியில் தென் கொரியாவின் டேஜோன் கூட்டத்தில் அதை 512 ஆகக் குறைக்க இணங்கினார்கள், பின்னால் வருகிறவர்களுக்கும் கொஞ்சம் மிஞ்ச வேண்டும் என்று.

கூப்பன் அரிசிக் காலத்தை அறிந்தவர்களுக்கு இதன் நியாயம் சட்டென்று விளங்கும். இருக்கிறவன் மூட்டை மூட்டையாக வாங்கிக் குவித்தால் வரிசையின் கடைசியில் நிற்கிறவருக்கு ஒன்றும் இருக்காது. 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் என்ன நடந்தது என்று பாட்டிமாரைக் கேளுங்கள். அங்கே வரிசையின் கடைசியில் நின்றது நாம். இந்த இலக்க வரிசையில் கடைசியில் நிற்கிறவருக்கும் பங்கு என்ற விதி வந்ததற்குக் காரணம், அதைத் தீர்மானித்த கூட்டத்தில் சின்னவர்களும் வாய் திறக்க முடிந்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

8. கொழும்பு, 2016

இது நம் நாட்டில் பலருக்குத் தெரியாத செய்தி. 2016 செப்டெம்பர் 28 முதல் ஒக்டோபர் 5 வரை ஏப்னிக்கின் 42ஆவது மாநாடு கொழும்பில் நடந்தது. அந்த வாரத்தின் நடுவில், ஒக்டோபர் 1ஆம் திகதி, ஒரு சரித்திர மாற்றம் நிகழ்ந்தது. இணையத்தின் பெயர், இலக்கப் பதிவேடுகள் மீது அமெரிக்க வர்த்தகத் திணைக்களம் வைத்திருந்த ஒப்பந்தக் கண்காணிப்பு முடிவுக்கு வந்தது. அந்தப் பொறுப்பு உலக இணையச் சமூகத்தின் கைக்கு வந்த நாளில், நமது பிராந்தியத்தின் இணைய ஆட்கள் கூடியிருந்தது கொழும்பில்.

அந்த மாற்றத்துக்கான திட்டம் உருவான விதத்தையும் சொல்ல வேண்டும். இலக்கங்கள் பற்றிய பகுதியை எழுத ஐந்து பிராந்தியங்களிலிருந்தும் மும்மூன்று பேராக 15 பேர் கொண்ட குழு. தலைவர் ஜப்பானைச் சேர்ந்த இசுமி ஒகுதானி என்ற பெண்மணி. தொலைபேசி மாநாடுகளிலும் எவரும் வாசிக்கக்கூடிய மின்னஞ்சல்களிலும் விவாதித்து, 2015 ஜனவரியில் திட்டத்தைக் கையளித்தார்கள். ஒரு வல்லரசின் கையிலிருந்து ஒரு பொறுப்பை வாங்கும் ஆவணத்தை, ஐந்து பிராந்தியங்களில் அவரவர் இடத்திலிருந்தே எழுதி முடித்தார்கள்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. மெக்ஸிகோவின் கன்கூனில் நடக்கவிருந்த ஐகானின் 67ஆவது கூட்டம் முழுக்க இணையத்துக்கு மாறியது. டாக்காவில் நடக்கவிருந்த ஏப்னிக்கின் 50ஆவது மாநாடும் அப்படியே. அதுவரை மண்டபத்தில் இருந்தவர் முதல் தரம், திரையில் இருந்தவர் இரண்டாம் தரம் என்று இருந்தது. அந்த இரண்டு வருடம் எல்லோரும் திரையில்தான்.

அதே மார்ச்சில் நமது பாடசாலைகளும் மூடப்பட்டன. நம் பிள்ளைகள் சிக்னல் தேடி மலை ஏறினார்கள். ஊவாவில் ஆசிரியர்களும் மாணவர்களும் காட்டைக் கடந்து குன்றின் உச்சிக்குப் போய்ப் பாடம் படித்த படங்கள் 2021இல் உலகப் பத்திரிகைகளில் வந்தன. உலகக் கூட்டங்களின் கதவு அகலத் திறந்த அதே நேரத்தில், அந்தக் கதவுக்குப் போகும் பாதை நமக்கு எவ்வளவு செங்குத்து என்பதும் தெரிந்தது.

9. நம் எழுத்தில் ஒரு பெயர்

இலக்கம் மட்டுமல்ல, பெயரும் உண்டு. பல வருடங்கள் இணைய முகவரியின் கடைசிப் பகுதி ஆங்கில எழுத்தில் மட்டுமே இருக்க முடிந்தது. அதை மாற்றக் கேட்டு அரபு, சீன, இந்திய மொழிக்காரர்கள் வருடக்கணக்காகக் கூட்டங்களில் வாதாடினார்கள். 2009இல் சியோல் கூட்டத்தில் ஐகான் சபை, நாடுகள் தம் சொந்த எழுத்தில் பெயர் வைக்க அனுமதித்தது. அந்தத் திகதி என்ன தெரியுமா? ஒக்டோபர் 30. டில்லியில் நம்மைக் கேட்காமல் நம்மைப் பங்கிட்ட அதே திகதி, சரியாக 45 வருடத்துக்குப் பிறகு.

2010இல் 'இலங்கை' என்று தமிழிலும், 'லங்கா' என்று சிங்களத்திலும் நமது நாட்டுக்கு இரண்டு உச்சப் பெயர்கள் கிடைத்தன. பொறுப்பு நமது எல்.கே. டொமைன் பதிவகத்திடம். சிங்கப்பூரும் இந்தியாவும் தமிழ்ப் பெயர் பெற்றது அதற்கு அடுத்த வருடம்தான். ஆக, ஒரு நாட்டின் பெயர் தமிழ் எழுத்தில் இணையத்தின் வேரில் ஏறியதில் இலங்கைதான் முதல்.

அதோடு வேலை முடியவில்லை. தமிழில் எந்த எழுத்துகளை எந்த வரிசையில் பெயராக அனுமதிப்பது? 'ஔ' என்ற ஒரே எழுத்தும், 'ஒ', 'ள' என்ற இரண்டு எழுத்துகளும் பார்வைக்கு ஒன்று போல இருக்கின்றன. சில தமிழ் எழுத்துகள் மலையாள எழுத்துகளை அச்சடித்தாற்போல இருக்கின்றன. ஒரு மோசடிக்காரன் வங்கியின் பெயரை இப்படி எழுதி மக்களை ஏமாற்ற முடியும். இதற்கான விதிகளை ஒரு நிபுணர் குழு எழுதி, பொதுமக்களின் கருத்துக்கு விட்டு, 2019இல் உலக விதித் தொகுப்பில் சேர்த்தார்கள். 'ஔ' பற்றிக் கருத்துச் சொல்ல கணினிப் பொறியியலாளர் தேவையில்லை. ஆண்டு 2க்குப் படிப்பிக்கும் ஆசிரியர் போதும்.

10. கூட்டம் நடக்கும் விதம்

ஏப்னிக்கில் ஒரு விதியை மாற்ற வேண்டுமானால் யாரும் முன்மொழியலாம். உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. கூட்டத்துக்குச் சில வாரம் முன்னரே அது வெளியாகும், மின்னஞ்சலில் விவாதம் நடக்கும். பிறகு திறந்த கூட்டம். திரையில் இருப்பவர் எழுதுவதை மண்டபத்தில் வாசிப்பார்கள், ஒலிவாங்கியும் கொடுப்பார்கள். முடிவில் ஆதரவா, எதிர்ப்பா, நடுநிலையா என்பதைத் தூரத்தில் இருப்பவரும் தன் கருவியில் காட்டலாம். ஆனால் தலைவர் தலைகளை எண்ணி முடிவு சொல்வதில்லை. எதிர்ப்புக்குக் காரணம் என்ன, அதற்குப் பதில் இருக்கிறதா என்று பார்க்கிறார். வலுவான காரணம் சொல்லும் ஒருவர் ஒரு முன்மொழிவைத் திருப்பி அனுப்ப முடியும். கூட்டம் முடிந்த பிறகும் மின்னஞ்சலில் இன்னொரு முறை கருத்துச் சொல்ல அவகாசம் உண்டு.

நமக்குப் பழக்கமான முறைதான். குர்ஆனின் 42ஆவது அத்தியாயத்தின் பெயரே அஷ்ஷூரா, கலந்தாலோசனை. பள்ளிவாசலில் மஷூரா செய்யும்போது கை உயர்த்தி எண்ணுவதில்லை. தோட்டத்து மாரியம்மன் திருவிழாக் கூட்டத்தில் காப்புக் கட்டும் நாளைக் குறிக்கும்போதும் அப்படித்தான். மனத்தாங்கலோடு ஒருவர் மூலையில் இருந்தால், பேச்சு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

11. திறந்திருக்கிறது, ஆனால்

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஐகான் கூட்டங்களுக்கு ஐ.நா.வின் ஆறு மொழிகளில் மொழிபெயர்ப்பு உண்டு. அரபு இருக்கிறது, தமிழ் இல்லை. ஏப்னிக்கில் பேச்சு ஆங்கிலத்தில். பேசுகிறவர்களில் பெரும்பாலோர் கம்பனி ஆட்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது சம்பள வேலை. தோட்டத்துப் பிள்ளைக்கு டேட்டா கார்ட் போடுவதே ஒரு செலவு.

யாரும் கவனிக்காத கூட்டத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஆபிரிக்கப் பதிவகமே சாட்சி. அதன் பதிவேட்டிலிருந்து இலட்சக்கணக்கான இலக்கங்கள் முறைகேடாகக் கைமாறியது 2019இல் அம்பலமானது. வழக்குகள் குவிந்து, நிர்வாக சபை செயலிழந்து, 2023இல் நீதிமன்றம் அதைப் பராமரிக்க ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டி வந்தது. அந்தப் பதிவகம் இருப்பது மொரிஷியஸில். நம் பாட்டன்மார் தேயிலைக்கு வந்தது போல, நம் சனங்கள் கரும்புக்குப் போன அதே தீவு.

12. நாம் செய்யக்கூடியது

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மூன்று விஷயங்கள்.

ஒன்று. ஏப்னிக், ஐகான் கூட்டங்கள் வரும்போது நமது ஊர் வாசிகசாலையிலோ, பாடசாலை கணினி அறையிலோ ஒரு அமர்வையாவது சேர்ந்திருந்து பார்ப்போம். தூரத்திலிருந்து பங்குபற்ற விஸாவோ விமானச் சீட்டோ வேண்டாம். பிரிஸ்பேன் நேரம் நமக்கு நாலரை மணித்தியாலம் முன்னால். அங்கே காலை 9.30க்குக் கூட்டம் என்றால் இங்கே விடிகாலை 5 மணி. தோட்டத்தில் அடுப்பு எரியும் நேரம்தான், நமக்கு அது ஒரு தடையே இல்லை.

இரண்டு. உயர்தரம் முடித்த, ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்த பிள்ளைகள், நடப்பில் இருக்கும் ஒரு முன்மொழிவைத் தமிழில் அரைப் பக்கமாக எழுதித் தாருங்கள். நான் திருத்தித் தருகிறேன். இந்த அமைப்புகள் இளையோருக்குப் புலமைப்பரிசில் கொடுத்து மாநாட்டுக்கு அழைக்கின்றன. விண்ணப்பிக்கும்போது இந்த அரைப் பக்கமே உங்கள் தகுதி.

மூன்று. கேள்வி கேட்போம். நமது பிரதேசத்தில் ஆறாம் பதிப்பு முகவரி எந்த அளவுக்கு வந்திருக்கிறது? ஒரே முகவரியைப் பலர் பகிர்வதால் அப்பாவிப் பாவனையாளர் தடை செய்யப்பட்டால் முறையிட வழி என்ன? தமிழ்ப் பெயரில் மின்னஞ்சல் முகவரி வைத்தால் அரசாங்கப் படிவங்கள் ஏற்றுக்கொள்ளுமா? இவை முட்டாள்தனமான கேள்விகள் அல்ல. அந்தக் கூட்டங்களில் பேசப்பட வேண்டிய கேள்விகள்.

நாடற்றவர் என்ற பெயரைச் சட்டப் புத்தகத்திலிருந்து துடைக்க 1948 முதல் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை 55 வருடம் எடுத்தது. நம்மைப் பற்றிய தீர்மானங்கள் நாம் இல்லாத அறையில் எடுக்கப்பட்டதன் விலை அது. இன்றும் லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், அந்தக் கோரிக்கையையும் விடக்கூடாது. இணைய முகவரியின் கூட்டத்துக்கு மட்டும் யாருடைய அனுமதியும் தேவையில்லை. புடவை மூட்டையும் தேவையில்லை.

அடுத்த கூட்டத்தின் திகதியை இன்ஷா அல்லாஹ் இதே பக்கத்தில் போடுகிறேன். எந்த ஊரில், எந்த வாசிகசாலையில் சேரலாம் என்று கீழே எழுதுங்கள். தோட்டத்துப் பெயரையும் டிவிஷனையும் மறக்காமல் போடுங்கள்.